உல்ம் சந்தையில் கிடைத்த ஜெர்மன் ராணுவச் சின்னங்கள்: எந்தக் காலம், எந்த ரெஜிமெண்ட்?

உல்மில்_ஒருவன்:

வணக்கம். வேலை நிமித்தமாக உல்ம் நகரில் இருக்கிறேன். இங்கே பழம்பொருள் சந்தையில் ஒரு தகர டப்பாவும் அதற்குள் சில ராணுவச் சின்னங்களும் மொத்தமாகக் கிடைத்தன. நாணயம், தபால்தலை சேர்க்கும் பழக்கம் உண்டு. ராணுவப் பொருள் எனக்குப் புதிது.

டப்பாவில் இருப்பவை: சாம்பலும் பச்சையும் கலந்த துணியில் ஒரு தோள்பட்டை (சீருடையின் தோளில் பொருத்தும் பட்டி), சிவப்பு நூலில் 127 என்று தைத்தது, ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கரை. தகரத்தில் வட்டச் சின்னங்கள் இரண்டு. ஒன்று வெளியிலிருந்து உள்ளே கறுப்பு, வெள்ளை, சிவப்பு. மற்றது கறுப்பு, சிவப்பு, கறுப்பு. வெள்ளிச் சரிகைக் கயிறு வைத்துத் தைத்த இன்னொரு தோள்பட்டை, அதில் ஒரு மஞ்சள் நட்சத்திரம். சிறகு விரித்த பெரிய பித்தளைக் கழுகு ஒன்று. கடைசியாக, இரும்புத் தொப்பி பொறித்த கறுப்பு நிற முட்டை வடிவ பேட்ஜ்.

விற்றவர், "எல்லாம் ஒரே வீட்டிலிருந்து வந்தவை, ரோம்மெல் இருந்த ரெஜிமெண்ட்" என்றார். இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் தளபதி ரோம்மெலைச் சொல்கிறார். படங்கள் போட்டிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பழம்பொத்தான்:

தம்பி, விற்றவர் சொன்னதை முதலில் ஓரமாக வையுங்கள். வூர்ட்டம்பெர்க் பகுதியில் எந்தப் பொருளை விற்றாலும் ரோம்மெல் பெயரைச் சேர்த்து விடுவார்கள், விலை ஏறும். ரோம்மெல் 1910இல் சேர்ந்தது 124ஆம் காலாட்படை ரெஜிமெண்ட், வைன்கார்ட்டன் ஊரில். அது முதலாம் வில்ஹெல்ம் மன்னர் பெயர் தாங்கிய ரெஜிமெண்ட். உங்களிடம் இருப்பது 127. அந்தக் கதை அதோடு முடிந்தது.

இப்போது வேலைக்கு வருவோம். புதிதாகச் சேர்ப்பவர்கள் எல்லோரும் "எந்த வருடம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பேரரசுக் காலத்துப் பொருள் (1871இலிருந்து 1918 வரை) என்றால் முதலில் கேட்க வேண்டியது "எந்த நாடு?" என்பது. 1871இல் ஜெர்மனி ஒன்றானாலும் பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க் ஆகிய நான்கும் தனித்தனி முடியரசுகளாகவே தொடர்ந்தன. நான்குக்கும் தனிப் படை நிர்வாகம், தனிச் சின்னம், தனி நிறம். பாடன், ஹெஸ்ஸன் போன்ற சிறிய நாடுகளின் படைகள் பிரஷ்யப் படையோடு சேர்ந்துவிட்டாலும் தொப்பியில் தங்கள் நிறத்தை விடவில்லை.

அந்த நிறம் இருக்கும் இடம்தான் உங்கள் வட்டச் சின்னம். ஜெர்மானியர் இதைக் கொக்கார்டே என்பார்கள். கறுப்பு-வெள்ளை-சிவப்பு பேரரசுக்கு உரியது. 1897 மார்ச் 22, முதலாம் வில்ஹெல்ம் பிறந்து நூறாண்டு நிறைந்த நாளில் எல்லாப் படைகளுக்கும் கொடுத்தார்கள். மற்றது நாட்டுக்கு உரியது. பிரஷ்யா கறுப்பு-வெள்ளை-கறுப்பு, பவேரியா வெள்ளை-நீலம்-வெள்ளை, சாக்சனி வெள்ளை-பச்சை-வெள்ளை, பாடன் மஞ்சள்-சிவப்பு-மஞ்சள். உங்களுடைய கறுப்பு-சிவப்பு-கறுப்பு வூர்ட்டம்பெர்க். துணித் தொப்பியில் பேரரசுச் சின்னம் மேலே, நாட்டுச் சின்னம் கீழே. முள் வைத்த தோல் தலைக்கவசத்தில் பேரரசுக்கு வலப்பக்கம், நாட்டுக்கு இடப்பக்கம்.

ஒரு எச்சரிக்கை. கறுப்பு-வெள்ளை-சிவப்பு தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. 1933இல் அதே நிறங்களை ராணுவத் தொப்பிக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நாட்டுச் சின்னம் அப்படியல்ல, 1933க்குப் பின் ராணுவத் தொப்பியில் அது இல்லை. அதனால் உங்கள் டப்பாவில் காலம் சொல்வது அந்தக் கறுப்பு-சிவப்பு-கறுப்பு வில்லைதான்.

ஹாம்_கோபுரம்:

அண்ணை, ஒரு சந்தேகம். இங்க என்னோட வேலை செய்யிற ஜெர்மன்காரர் கழுகு எண்டாலே முகத்தைத் திருப்புறார். இதுகளை வீட்டில வைச்சிருக்கலாமோ? படம் போடலாமோ?

மட்டுறுத்துநர்:

இதை எல்லோரும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு, தடை செய்யப்பட்ட அமைப்புகளின் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதையும் பரப்புவதையும் தடுக்கிறது. ஸ்வஸ்திகாவும் எஸ்.எஸ். எழுத்துகளும் அதில் அடக்கம். ஆராய்ச்சி, கல்வி, கலை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. சந்தைக் கடைக்காரர்கள் ஸ்வஸ்திகா மேல் சின்னக் காகிதத் துண்டை ஒட்டி வைத்திருப்பது இதனால்தான். இந்த விவாத இழையிலும் அப்படி மறைத்துத்தான் படம் போட வேண்டும்.

1918க்கு முந்தைய பேரரசுச் சின்னங்களுக்கு இந்தத் தடை கிடையாது. பிரஷ்யக் கழுகும் நாஜிக் கழுகும் ஒன்றல்ல. ஆனால் யாராவது இங்கே வீரவணக்கம் பாடத் தொடங்கினால் பதிவு போய்விடும். அடையாளம் காண்பது மட்டும்தான் நம் வேலை.

பழம்பொத்தான்:

சரி, தோள்பட்டை. டப்பாவிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

127 என்ற எண்ணே கொக்கார்டேயோடு ஒத்துப் போகிறது. முதல் உலகப்போருக்கு முன்பு காலாட்படை எண்கள் பெரும்பாலும் நாடு வாரியாக அடுக்கடுக்காக வரும். 100இலிருந்து 108 வரை சாக்சனி, 109இலிருந்து 114 வரை பாடன், 115இலிருந்து 118 வரை ஹெஸ்ஸன், 119இலிருந்து 127 வரை வூர்ட்டம்பெர்க். பவேரியா மட்டும் இந்த வரிசையில் சேரவில்லை, அதற்குத் தனியாக 1இலிருந்து எண். ஆகவே 5 என்று ஒரு தோள்பட்டை கிடைத்தால் அது பிரஷ்யாவா பவேரியாவா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். 127க்கு அந்தத் தொல்லை இல்லை. 127 என்பது வூர்ட்டம்பெர்க்கின் 9ஆவது காலாட்படை ரெஜிமெண்ட், 1897இல் அமைத்தது, இருப்பிடம் உல்ம். நீங்கள் வாங்கிய ஊரிலேயே பாசறை. முதல் உலகப்போரில் 27ஆவது டிவிஷனோடு பிரான்சின் ஆர்கோன் காட்டில் நீண்ட காலம் கிடந்த படை அது.

அடுத்து நிறம். அடர் நீலச் சீருடைக் காலத்தில் முழுத் துணியே வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என்று நிறமாக இருக்கும். எந்த ஆர்மி கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படைப் பிரிவு) என்பதைப் பொறுத்து நிறம் மாறும். சாம்பல் பச்சைச் சீருடை, அதாவது ஃபெல்ட்கிராவ், 1907இலிருந்து 1910க்குள் வந்தது. அதில் தோள்பட்டையும் சாம்பல் பச்சை. நிறம் ஓரக் கரைக்குச் சுருங்கிவிட்டது. தொடக்கத்தில் கரையும் கோர் வாரியாகத்தான். 1915 செப்டம்பரில் புதிய எளிய சட்டை வந்தபோது, சில ரெஜிமெண்ட்கள் தவிர, காலாட்படைக்கெல்லாம் வெள்ளைக் கரை என்று ஒரே விதியாக்கினார்கள். உங்கள் வெள்ளைக் கரை 1915க்குப் பின் என்று சாய்கிறது. கரையை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

அடிப்பக்கம் படம் வேண்டும். தோளில் செருகும் நாக்கு இருக்கிறதா, அல்லது கத்தரிக்கோலால் வெட்டிய முனையா? வெட்டிய முனை என்றால் பயப்பட வேண்டாம். எதிரில் எந்தப் படை நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, இரவில் பதுங்குகுழித் தாக்குதலுக்குப் போன பிரிட்டிஷ் வீரர்கள் இதைத்தான் வெட்டிக்கொண்டு வருவார்கள். உளவுத் தகவலாகப் போனவை போக, நினைவுப் பொருளாகச் சட்டைப்பையில் தங்கியவையும் ஏராளம். அதனாலேயே ஜெர்மானியர்கள் முன்னணியில் எண்ணை மறைக்க ஆரம்பித்தார்கள்.

சில்லறைக்_காசு:

அது போலியாக இருந்தால்? இணையத்தில் போலந்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் புதிதாகத் தைத்து வருகிறதே. எண் சரி, கரை சரி என்பதெல்லாம் போலி தைப்பவனுக்கும் தெரியும்.

தறிக்காரன்:

கேள்வி சரியான கேள்வி. நான் திருப்பூரில் துணிப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். ஜெர்மன் வரலாறு தெரியாது, நூல் தெரியும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எண் 127 சங்கிலித் தையல். நம்ம ஊரில் ரவிக்கைக்கு ஆரி போடுகிறார்களே, அதே கண்ணி. இது மெஷினில் போட்டது. அந்தக் காலத்தில் இதற்கு கார்னெலி என்ற பிரெஞ்சு மெஷின் பிரபலம். மேலே கண்ணி கண்ணியாகத் தெரியும், பின்பக்கம் வெறும் ஓட்டுத் தையல் மாதிரி கோடு தெரியும். இன்றைய கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரியில் நூல்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து நிரப்பியிருக்கும். பின்னால் வெள்ளை பாபின் நூலும் ஒட்டுத் துணியும் இருக்கும். பின்பக்கத்தைப் பார்த்தாலே பாதி போலி விழுந்துவிடும். உள் துணி மூடியிருந்தால் ஓரத்தில் ஒரு இடத்தில் லேசாகத் தூக்கிப் பாருங்கள், பிரிக்காதீர்கள்.

அடுத்தது புற ஊதா டார்ச். விலை அதிகமில்லை. இருட்டில் அடியுங்கள். பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் ஆப்டிகல் பிரைட்னர் இருக்கிறது, அது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் துணியிலும் சோப்புத் தூளிலும் பரவலானது. ஒரு சிக்கல் உண்டு. பழைய அசல் துணியை யாராவது பாட்டி சோப்புத் தூளில் துவைத்து வைத்திருந்தாலும் ஒளிரும். அப்போது முழுத் துணியும் மங்கலாக ஒளிரும். தையல் நூல் மட்டும் தனியாக மின்னினால் நூல் புதுசு.

எரித்துப் பார்க்கச் சொல்வார்கள். அடிப்பக்கம் ஏற்கெனவே அவிழ்ந்து தொங்கும் ஒரு இழை இருந்தால் மட்டும் செய்யுங்கள். கம்பளி என்றால் முடி பொசுங்கும் வாடை, விரலில் நசுங்கும் கரி. நைலான், பாலியெஸ்டர் என்றால் உருகி மணியாகும். நைலான் சந்தைக்கு வந்ததே 1930களின் கடைசியில், முதல் உலகப்போர்த் தோள்பட்டையில் அதற்கு வேலையே இல்லை.

இன்னொன்று, டீத்தண்ணியில் முக்கிப் பழசாக்குவார்கள். அது மடிப்புக்குள்ளேயும் சமமாக ஏறும். நிஜமாக வெயிலில் வெளுத்த துணியில் பொத்தானுக்கு அடியிலும் மடிப்புக்குள்ளும் பழைய நிறம் அப்படியே இருக்கும். சாயம் போன விதத்தைப் பார்த்தால் துணி எப்படிப் பட்டுக் கிடந்தது என்று தெரிந்துவிடும்.

உல்மில்_ஒருவன்:

அடிப்பக்கப் படம் போட்டிருக்கிறேன். நாக்கு இருக்கிறது, வெட்டவில்லை. டார்ச் வாங்கி அடித்தேன். தோள்பட்டை ஒளிரவே இல்லை. பொத்தான் துளையைச் சுற்றி வட்டமாக அடர்ந்த நிறம் இருக்கிறது. பொத்தான் இல்லை.

தறிக்காரன்:

எனக்குத் திருப்தி. துணியில் பழுது சொல்ல ஒன்றுமில்லை.

பழம்பொத்தான்:

பொத்தான் இல்லாதது வருத்தம். போருக்கு முந்தைய சீருடையில் தோள்பட்டைப் பொத்தானில் கம்பெனி (ரெஜிமெண்டின் உட்பிரிவு) எண் பொறித்திருக்கும். அது இருந்தால் ஒரு ஆளை இன்னும் கொஞ்சம் நெருங்கலாம்.

இன்னொரு விஷயம். எண்ணை வைத்து "127ஆம் ரெஜிமெண்ட்" என்கிறோம். ரிசர்வ், லாண்ட்வேர் (வயதில் மூத்த முன்னாள் வீரர்களின் படை) படைகளும் எண் அணிந்தன, தோள்பட்டையில் அந்த வேறுபாடு எப்போதும் தெரியாது. தலைக்கவசத்தின் துணி உறையில் ரிசர்வுக்கு 'ஆர்', லாண்ட்வேருக்கு 'எல்' என்ற எழுத்து எண்ணுக்கு மேலே வரும். உறையில் எண் முதலில் சிவப்பு, 1914 ஆகஸ்டிலிருந்து பச்சை; சிவப்பு தூரத்திலிருந்தே கண்ணில் பட்டதால் மாற்றினார்கள்.

அடுத்து சரிகைத் தோள்பட்டை. இது அதிகாரியுடையது. உங்கள் படத்தில் சரிகைக் கயிற்றுக்குள் ஆங்காங்கே நிற இழை தெரிகிறது, சரியா? என்ன நிறம்?

உல்மில்_ஒருவன்:

கறுப்பும் சிவப்பும். அம்பு முனை மாதிரி கோணமாக வருகிறது. நான் கறை என்று நினைத்தேன். அடியில் வெள்ளைத் துணி.

பழம்பொத்தான்:

அது கறை அல்ல, பொருளின் பெரும்பாதி மதிப்பே அதில்தான் இருக்கிறது. பேரரசுக் காலத்து அதிகாரிகளின் தோள்பட்டைச் சரிகையில் நாட்டு நிறத்தை ஊடாக நெய்திருப்பார்கள். பிரஷ்யாவுக்குக் கறுப்பு, பவேரியாவுக்கு நீலம், சாக்சனிக்குப் பச்சை, வூர்ட்டம்பெர்க்குக்குக் கறுப்பும் சிவப்பும். ஹிட்லர் காலத்து வேர்மாக்ட் தோள்பட்டையில் இந்த நாட்டு நிறங்கள் கிடையாது. படம் பார்த்த உடனே முதல் உலகப்போரா, இரண்டாவதா என்று பிரிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

கயிறுகள் பக்கத்தில் பக்கத்தில் நேராக ஓடினால் கீழ்நிலை அதிகாரி. பின்னலாக இருந்தால் மேஜரும் அதற்கு மேலும். நேர்க் கயிறு, நட்சத்திரம் இல்லாவிட்டால் லெஃப்டினென்ட், ஒன்று ஓபர்லெஃப்டினென்ட், இரண்டு ஹவுப்ட்மன், அதாவது கேப்டன். ஆக உங்களுடையது வூர்ட்டம்பெர்க் ஓபர்லெஃப்டினென்ட். நட்சத்திரத்தின் முள்கால்கள் பின்னால் துணியில் பழைய தடத்திலேயே மடங்கியிருக்கின்றனவா பாருங்கள். லெஃப்டினென்ட் தோள்பட்டையில் பிற்பாடு ஒரு நட்சத்திரம் குத்திப் பதவி உயர்வு கொடுக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள்.

ஆனால் 127 தோள்பட்டை சாதாரண வீரனுடையது, இது அதிகாரியுடையது. ஒரே நாடு என்பதால் ஒரே ஆள் ஆகிவிடாது. "ஒரே வீட்டிலிருந்து" என்பதை நான் இன்னும் நம்பவில்லை.

சில்லறைக்_காசு:

கழுகைப் பற்றி யாரும் பேசவில்லையே. உலோகம் என் பக்கம், நான் சொல்கிறேன். பின்பக்கம் படம் போடுங்கள், காந்தம் வைத்துப் பாருங்கள்.

உல்மில்_ஒருவன்:

காந்தம் ஒட்டவில்லை. பின்பக்கம் தட்டையாக இருக்கிறது, சின்னச் சின்னக் குழிகள். கனமாக இருக்கிறது. பின்னால் இரண்டு கொக்கி பற்றவைத்திருக்கிறது.

சில்லறைக்_காசு:

வார்ப்பு. மண் அச்சில் ஊற்றியது. அசல் தலைக்கவசத் தகடு மெல்லிய தகட்டில் அச்சடித்தது. முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாக இருக்கும், இறகின் கோடுகூடப் பின்னால் தெரியும், கையில் லேசாக இருக்கும். வார்ப்பில் குமிழிக் குழி விழும், எழுத்தின் விளிம்பு உருண்டையாக இருக்கும். பச்சைக் களிம்பு இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். வினிகரும் உப்பும் போட்டால் ஒரே வாரத்தில் களிம்பு வரவழைக்கலாம். எல்லா இடத்திலும் ஒரே நிறத்தில் பொடியாக உதிர்ந்தால் அது செய்த களிம்பு.

பழம்பொத்தான்:

உலோகம் வரை போகவே வேண்டாம். படத்திலேயே பதில் இருக்கிறது. கழுகின் மார்பில் எஃப்.ஆர். எழுத்து, குறுக்கே ஓடும் பட்டையில் "மிட் காட் ஃபுயர் கோனிக் உண்ட் ஃபாட்டர்லாண்ட்". இது பிரஷ்யக் காலாட்படைத் தகடு. வூர்ட்டம்பெர்க் தகட்டில் கழுகே கிடையாது. ஒரு பக்கம் மானும் ஒரு பக்கம் சிங்கமும் தாங்கும் கேடயம், கீழே "ஃபுர்ஹ்ட்லோஸ் உண்ட் ட்ரெவ்" என்று பழைய எழுத்துக்கூட்டலில் வாசகம். பவேரியாவுக்கு "இன் ட்ரோயே ஃபெஸ்ட்". பெல்ட் பக்கிளிலும் இதே வாசகங்கள் வரும். பிரஷ்யப் பக்கிளில் மட்டும் "காட் மிட் உன்ஸ்".

ஆக ஒரே வீடு, ஒரே ரெஜிமெண்ட் என்ற கதையில் பிரஷ்யத் தகடு ஏன் வந்தது? டப்பா கனமாக இருக்கட்டும் என்று வியாபாரி போட்டது. இதை அலமாரியில் அலங்காரத்துக்கு வையுங்கள்.

சில்லறைக்காசு அவர்களுக்கு ஒரு சின்னத் திருத்தம். காந்தம் ஒட்டாததை வைத்து முடிவு கட்டாதீர்கள். பித்தளை அசல் தகடும் ஒட்டாது. 1915க்குப் பின் பித்தளை வெடிமருந்து ஆலைகளுக்குப் போய்விட்டதால் சாம்பல் பூச்சுப் பூசிய இரும்புத் தகடு வந்தது, அது ஒட்டும். தோலுக்குப் பதில் அழுத்திய கம்பளி (ஃபெல்ட்), தகரம் என்றெல்லாம் தலைக்கவசம் செய்தார்கள். போர்க்கால அசல் மட்டமாக இருப்பது சகஜம். அளவுக்கு மீறிக் கச்சிதமாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

சில்லறைக்_காசு:

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மெருகு போடலாமா கூடாதா என்பதில் இங்கே பலர் தவறான யோசனை சொல்வதைப் பார்த்திருக்கிறேன். பித்தளையில் புளி, பிராஸோ எதுவும் தொடக் கூடாது. நாணயத்தில் உள்ள அதே சட்டம்.

பழம்பொத்தான்:

அதில் நமக்குள் சண்டையே இல்லை.

உல்மில்_ஒருவன்:

அந்தக் கறுப்பு பேட்ஜ்? தேடிப் பார்த்தேன், காயப் பதக்கம் என்று வருகிறது. ஸ்வஸ்திகா இல்லை, அதனால் முதல் உலகப்போர் என்று எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

பழம்பொத்தான்:

அவசரப்படாதீர்கள். காயப் பதக்கம் 1918 மார்ச் 3ஆம் தேதி நிறுவியது. ஒன்று, இரண்டு காயத்துக்குக் கறுப்பு. மூன்று, நான்குக்கு வெள்ளி நிறம். ஐந்தும் அதற்கு மேலும் பொன் நிறம். குறுக்கு வாள்கள் மேல் இரும்புத் தொப்பி. 1939இல் தொப்பியின் மேல் ஸ்வஸ்திகா வந்தது. அப்புறம் 1957இல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டு, பழைய வீரர்கள் ஸ்வஸ்திகா நீக்கிய வடிவத்தை அணியலாம் என்றது. ஆக ஸ்வஸ்திகா இல்லாத பதக்கம் 1918 ஆகவும் இருக்கலாம், 1957க்குப் பிந்தையதாகவும் இருக்கலாம்.

பிரிப்பது தொப்பியின் வடிவம். 1918 பதக்கத்தில் இருப்பது முதல் உலகப்போரின் 1916 மாதிரித் தொப்பி. பக்கவாட்டில் கொம்பு முளைத்த மாதிரி காற்றுத் துளைக் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும், விளிம்பு ஆழமாக இறங்கும். 1957இல் இருப்பது இரண்டாம் உலகப்போர்த் தொப்பி, சிறியது, வழுவழுப்பானது. இரும்புச் சிலுவைக்கும் இதே கதைதான்: 1957 வடிவத்தில் ஸ்வஸ்திகா இருந்த இடத்தில் ஓக் இலைகள். இரண்டும் சந்தையில் ஒரே தட்டில் கிடக்கும்.

உல்மில்_ஒருவன்:

கொம்பு இருக்கிறது. பின்பக்கம் உள்வாங்கிய பள்ளம், காந்தம் ஒட்டுகிறது. கறுப்புப் பூச்சு ஓரங்களில் உதிர்ந்து இரும்பு தெரிகிறது.

பழம்பொத்தான்:

அப்படியானால் 1918 மாதிரி, அச்சடித்த இரும்பு. நல்லது. இது போருக்குப் பின் வருடக்கணக்கில் கடைகளில் விற்ற பொருளும்கூட, அதனால் "பதுங்குகுழியிலிருந்து வந்தது" என்று எழுதி வைத்துவிடாதீர்கள்.

மெரினா_மணி:

இழையின் நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ஒரு வெளிநாட்டு ஏலத்தில் "எஸ்.எம்.எஸ். எம்டன்" என்று சரிகையில் நெய்த கறுப்புத் தொப்பி நாடா வருகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்ட அதே கப்பலின் மாலுமி அணிந்தது என்கிறார்கள். சென்னைக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வாங்கலாமா?

பழம்பொத்தான்:

ஆசை புரிகிறது, கொஞ்சம் பொறுங்கள். எம்டன் என்ற பெயரில் ஒரு கப்பல் மட்டும் இல்லை. மெட்ராஸுக்கு வந்தது 1908இல் நீரில் இறக்கிய கப்பல், கேப்டன் கார்ல் ஃபோன் மியூல்லர். அது 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டுப் பவளத்திட்டில் ஏறி நின்றது. அதன் நினைவாக 1916இல் இன்னொரு எம்டன் சேவைக்கு வந்தது. அதுவும் பேரரசுக் கடற்படைதான், அதன் மாலுமியும் அதே "எஸ்.எம்.எஸ். எம்டன்" நாடாவைத்தான் கட்டினான். எழுத்தை வைத்து இரண்டையும் பிரிக்க வழியில்லை.

மூன்றாவது எம்டன் 1925இல் சேவைக்கு வந்தது. அதற்குள் மன்னர் ஆட்சி போய்விட்டது, "மாட்சிமை தங்கியவரின் கப்பல்" என்று பொருள்படும் எஸ்.எம்.எஸ். எழுத்தும் போய்விட்டது. அதனால் அந்த மூன்று எழுத்து இருந்தால் 1918க்கு முன் என்ற வரைக்கும் சொல்லலாம், அதுவும் நாடா அசலாக இருந்தால். எழுத்து மஞ்சள் சரிகையா வெள்ளிச் சரிகையா என்று பாருங்கள். கப்பலோட்டும் மாலுமிகளுக்கு மஞ்சள், இயந்திரம் போன்ற தொழில்நுட்பப் பிரிவுக்கு வெள்ளி.

மெட்ராஸுக்கு வந்த கப்பலின் ஆட்களில் பலர் கோகோஸில் இறந்தார்கள், பிழைத்தவர்களை மால்டாவுக்குச் சிறைக்கு அனுப்பினார்கள், கப்பலின் முதல் அதிகாரி ஃபோன் மியூக்கேவின் கரையிறங்கிய குழு ஆயிஷா பாய்மரக் கப்பலில் தப்பியது. அந்த ஆட்களில் ஒருவரின் பெயரோடு, கடிதத்தோடு, புகைப்படத்தோடு நாடா வந்தால் பேசலாம். வெறும் நாடாவுக்கு மெட்ராஸ் விலை கேட்டால் விட்டுவிடுங்கள். இந்தப் பெயருக்குப் போலி அதிகம், காரணம் நீங்களே.

மெரினா_மணி:

காகிதம் எதுவும் இல்லையாம். கேட்டேன். "குடும்பத்தார் சொன்னது" என்கிறார்கள்.

தறிக்காரன்:

நாடாவின் பட்டு எழுத்து ஓரத்தில் பின்பக்கம் எப்படி முடிகிறது என்று நெருக்கமான படம் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அதுவே பதில்.

ஹாம்_கோபுரம்:

நானும் ஒண்டு கேக்கிறன். இங்க ஒரு ஆள் இளநீலத் துணியில "கிப்ரால்டார்" எண்டு மஞ்சள் எழுத்தில போட்ட கைப்பட்டி விக்கிறார். ஜெர்மன்காரர் ஏன் கிப்ரால்டார் எண்டு போடவேணும்? பிழையாத் தைச்ச போலியோ?

பழம்பொத்தான்:

இல்லை, அப்படி ஒன்று நிஜமாகவே உண்டு. 1779இலிருந்து 1783 வரை ஸ்பெயினும் பிரான்சும் கிப்ரால்டாரை முற்றுகையிட்டபோது, பிரிட்டிஷ் மன்னரே ஜெர்மன் நாடான ஹானோவரின் ஆட்சியாளராகவும் இருந்ததால் ஹானோவர் படைகளும் உள்ளே இருந்து காத்தன. அதன் நினைவாக, அந்தப் பாரம்பரியத்துக்கு உரிய படைகளுக்கு 1901இல் இரண்டாம் வில்ஹெல்ம் இந்தப் பட்டியைக் கொடுத்தார். 73ஆம் ஃபியூசிலியர், 79ஆம் காலாட்படை, 10ஆம் யேகர் பட்டாலியன், இந்த மூன்றுக்கும் மட்டும். வலது கையின் கீழ்ப்பகுதியில் அணிவது. முதல் உலகப்போரில் இதை அணிந்த ஜெர்மானியர்கள் கிப்ரால்டாரின் சொந்தக்காரர்களான பிரிட்டிஷாரோடு சண்டை போட்டார்கள்.

அந்தக் காலத்து ஹானோவர் படைகளில் வேறு இரண்டு, 15ஆம் 16ஆம் ரெஜிமெண்ட்கள், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நம் பக்கம் வந்து 1783இல் கடலூர்ச் சண்டையில் நின்றன. அவர்களுக்குக் கைப்பட்டி கிடைக்கவில்லை, அதனால் இந்த இழைக்கு அது தேவையில்லை. எனக்கு ஆசை, சொல்லிவிட்டேன். கிப்ரால்டார் பட்டி அசல் அரிது, போலி மலிவு. தறிக்காரன் சொன்ன பரிசோதனை எல்லாம் செய்யாமல் காசு கொடுக்காதீர்கள், தங்கச்சி.

உல்மில்_ஒருவன்:

எல்லோருக்கும் நன்றி. இந்த 127 வீரன் யாரென்று கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா? தோள்பட்டை அடிப்பக்கத்தில் பழுப்பாக ஏதோ எழுத்து மாதிரி இருக்கிறது, படிக்க முடியவில்லை.

தறிக்காரன்:

அது பழைய இரும்பு மை என்றால் அதே புற ஊதா டார்ச்சை அடியுங்கள். ஒளிராது, மாறாகக் கறுப்பாக எழுந்து தெரியும். இருட்டில், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, மொபைலில் படம் எடுங்கள்.

பழம்பொத்தான்:

பெயர் கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், காரணம் அவர் வூர்ட்டம்பெர்க்காரர். பிரஷ்யப் படையின் ஆவணக் காப்பகம் போட்ஸ்டாமில் இருந்தது. 1945 ஏப்ரலில் குண்டுவீச்சில் எரிந்து, வீரர்களின் பதிவேடுகள் பெரும்பாலும் போய்விட்டன. பிரஷ்ய வீரனைத் தேடுபவர்கள் முட்டிக்கொண்டு நிற்பது அங்கேதான். வூர்ட்டம்பெர்க் பதிவேடுகள் ஸ்டுட்கார்ட் தலைமை அரசு ஆவணக் காப்பகத்தில் தப்பியிருக்கின்றன. பவேரியாவுக்கு மியூனிக் போர் ஆவணக் காப்பகம். காயம்பட்டோர், இறந்தோர் பட்டியல்கள் இணையத்திலேயே பெயர் வாரியாகத் தேடும்படி இருக்கின்றன. ஜெர்மன் வம்சாவளி ஆர்வலர்கள் தட்டச்சு செய்து போட்டது.

உல்மில்_ஒருவன்:

டார்ச் அடித்தேன், படம் இணைத்திருக்கிறேன். முதல் எழுத்து 'கே', பிறகு இரண்டு எழுத்து தெளிவில்லை, கடைசியில் 'எல்' மாதிரி. அதற்குக் கீழே ஒரு 7, புள்ளி, அப்புறம் 'கே' தெரிகிறது.

பழம்பொத்தான்:

7. கே. என்றால் ஏழாவது கம்பெனி என்றுதான் படிக்கிறேன். ஐந்திலிருந்து எட்டு வரை இரண்டாவது பட்டாலியன். ஸ்டுட்கார்ட்டுக்கு எழுதும்போது 127ஆம் ரெஜிமெண்ட், ஏழாவது கம்பெனி, போர்க்கால ஆள் பதிவேடு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்; அவை கம்பெனி வாரியாகத்தான் கட்டப்பட்டிருக்கின்றன. பெயரைப் பாதி தெரியும் என்று சொல்லுங்கள். 'கே'யில் தொடங்கி 'எல்'லில் முடியும் நாலு எழுத்துப் பெயர்கள் ஸ்வாபியாவில் (வூர்ட்டம்பெர்க் வட்டாரம்) நிறைய, ஒரே கம்பெனியில் இரண்டு மூன்று பேர்கூட இருக்கலாம்.

உல்மில்_ஒருவன்:

இன்றிரவே மின்னஞ்சல் எழுதுகிறேன். பதில் வந்தால், குடும்பம் யாராவது இருந்தால் அவர்களைக் கேட்காமல் பெயரை இங்கே போட மாட்டேன்.

மட்டுறுத்துநர்:

நல்லது. இழையைத் திறந்தே வைக்கிறேன். மணி, அந்த நாடாவின் பின்பக்கப் படம் கிடைத்தால் தனி இழையாகப் போடுங்கள்.